வெட்டிய இடம் தெரியட்டும்

1967 பிப்ரவரி. லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு சர்க்கஸ் பாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ‘பீயிங் ஃபார் தி பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்’ என்ற அந்தப் பாட்டைக் கேட்டால் சர்க்கஸ் கொட்டகையின் மரத்தூள் மணக்க வேண்டும் என்பது ஜான் லெனானின் ஆசை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நீராவி ஆர்கன் இசையின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தார். அவற்றை அப்படியே சேர்த்தால் கேட்பவர்கள் மெட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே நாடாவைத் துண்டு துண்டாக நறுக்கி மேலே வீசும்படி ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கிடம் சொன்னார். கீழே விழுந்த துண்டுகளைக் கைக்கு வந்த வரிசையில் பொறுக்கி ஒட்டினார்கள். சில துண்டுகள் பழைய வரிசையிலேயே வந்து அமர்ந்துவிட்டதால், அவற்றைப் பிரித்துத் திருப்பி ஒட்ட வேண்டியிருந்தது.

ஒலிப்பொறியாளர்கள் கற்றுவந்த தொழிலுக்கு நேர் எதிரான வேலை இது. நாடாவை வெட்டி ஒட்டுபவரின் திறமை, ஒட்டிய இடம் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருந்தது. இன்று வீட்டு அறையில் ஒரு மடிக்கணினியும் ஒரு மைக்கும் வைத்துப் பாட்டுச் செய்கிறவர்கள் குரல் திக்க வேண்டும், டிரம்ஸ் சிதற வேண்டும், பாட்டு நடுவில் சிக்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்பியே கேட்கிறார்கள். ஒட்டை மறைப்பதிலிருந்து ஒட்டைக் காட்டுவதற்கு வந்து சேர ஒலிப்பதிவுக் கலைக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. அந்த மாற்றத்தின் பெரும்பகுதி நடந்தது பெரிய கூடங்களில் அல்ல. வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் படுக்கையறைகளிலும்தான்.

நாடாவுக்கு முன்பு இருந்த இசைத்தட்டை வெட்ட முடியாது. பதிவில் ஒரு பிழை விழுந்தால் மொத்தத்தையும் திரும்பப் பாட வேண்டும். 1928-இல் ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மர் ஜெர்மனியில் காந்தத் துகள் பூசிய காகித நாடாவை உருவாக்கினார். 1935-இல் ஏ.இ.ஜி. நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னட்டஃபோன்’ கருவியைக் காட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் மல்லின் அத்தகைய இரண்டு கருவிகளைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். நேரலையில் பாடுவதில் சலித்துப்போயிருந்த பாடகர் பிங் கிராஸ்பி, 1947-இல் தன் வானொலி நிகழ்ச்சியை நாடாவில் பதிவு செய்யத் தொடங்கினார். கலிஃபோர்னியாவின் சிறு நிறுவனமான ஆம்பெக்ஸில் 50,000 டாலர் போட்டார். வெட்டி ஒட்டும் தொழில் அமெரிக்க வானொலியில் வேரூன்றியது இப்படித்தான்.

சி.பி.எஸ். வானொலியின் ஜோயல் டால் உருவாக்கிய ‘எடிடால்’ கட்டை அந்தத் தொழிலின் அடையாளமாயிற்று. உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கட்டை. நாடா அசையாமல் படுக்க ஒரு பள்ளம். பிளேடு இறங்க ஒரு சாய்வான கீறு. பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில் வெட்டுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. நேராக வெட்டினால் ஒரு ஒலி சட்டென்று நின்று மற்றொன்று சட்டென்று தொடங்கும். ஒட்டிய இடம் ‘டப்’ என்று காட்டிக்கொடுக்கும். சாய்வாக வெட்டினால் முதல் ஒலி தேயத் தேய அடுத்தது வளரும். கால் அங்குல நாடா விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும்போது அந்தச் சாய்வு கடந்துபோக விநாடியில் 60-இல் ஒரு பங்கு ஆகும். காதை ஏமாற்ற அது போதும். இருமல், தடுமாற்றம், தவறான சுரம் எல்லாம் அந்த இடைவெளியில் காணாமற்போயின.

நாடா பரவுவதற்கு முன்பே இசைத்தட்டில் இதற்கு எதிர்த்திசையில் ஒருவர் நடக்கத் தொடங்கியிருந்தார். பாரிஸ் வானொலியில் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948-இல் பத்திஞோல் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின்களைப் பதிவு செய்துவந்தார். இசைத்தட்டின் சுருள் வரியை ஒரு வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் அலுத்துக்கொள்வதை அவர் வேண்டுமென்றே செய்தார். ரயில் சத்தத்தின் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும்போது, சிறிது நேரத்தில் கேட்பவர் ரயிலை மறந்துவிடுகிறார். தாளமும் ஒலியின் நிறமும் மட்டுமே மிஞ்சுகின்றன. மணியோசையைப் பதியும்போது முதல் அடியை விட்டுவிட்டு அதிர்வை மட்டும் பிடித்தால், மணி என்றே அடையாளம் தெரியாத வேறொரு ஒலி கிடைப்பதையும் அவர் கண்டார். 1948 அக்டோபர் 5 அன்று அவருடைய ஐந்து இரைச்சல் ஆக்கங்கள் வானொலியில் ஒலிபரப்பாயின. அவற்றில் ஒன்று ரயில்களால் ஆனது.

அதற்கும் 4 ஆண்டுகள் முன்னால், 1944-இல், கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் என்ற இளைஞர் கம்பியில் பதியும் கருவியை வானொலி நிலையத்திலிருந்து கடன் வாங்கி, பேயோட்டும் ‘ஸார்’ சடங்கில் பெண்கள் பாடியதைப் பதிவு செய்திருந்தார். பிறகு அந்தக் குரல்களின் அடிச்சுரங்களை நீக்கி, எதிரொலி சேர்த்து, வார்த்தைகள் கரைந்துபோன ஓர் ஆக்கமாக மாற்றினார். பதிவு செய்ததைப் பதிவாக மட்டும் விட்டுவைக்காமல், கை வைத்து மாற்றும் எண்ணம் ஒரே காலத்தில் பல ஊர்களில் முளைத்தது.

1950-களில் நாடாவும் பிளேடும் சேர்ந்ததும் காலம் அங்குலமாயிற்று. விநாடிக்கு 15 அங்குலம் என்றால் அரை விநாடிச் சுரம் ஏழரை அங்குலம். அளவுகோலை வைத்துத் தாளம் போடலாம். இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952-53-இல் நண்பர்களோடு உழைத்து முடித்த ‘வில்லியம்ஸ் மிக்ஸ்’ ஆக்கத்துக்கு, எந்தத் துண்டை எந்தக் கோணத்தில் எவ்வளவு நீளத்துக்கு வெட்ட வேண்டும் என்று வரைந்த குறிப்பே 192 பக்கம். கேட்க ஆகும் நேரம் 4 நிமிடத்துக்குச் சற்று அதிகம். 1963-இல் பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் டீலியா டெர்பிஷயர் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை ஒவ்வொரு சுரமாகப் பதிந்து, அளந்து, வெட்டி, ஒட்டி உருவாக்கினார். ரான் கிரெய்னர் எழுதிய மெட்டு அது. நூற்றுக்கணக்கான வெட்டுகள் அதில் இருப்பதாகக் கேட்பவருக்குத் தோன்றாது. அங்கேயும் ஒட்டு மறைந்துதான் இருந்தது.

அந்தப் பட்டறையைத் தொடங்கப் போராடியவர்களில் ஒருவரான டேஃப்னி ஓரம், அது தொடங்கிய ஓராண்டிலேயே, 1959-இல், பி.பி.சி.யை விட்டு விலகினார். கென்ட் மாவட்டத்தில் பழைய ஹாப்ஸ் உலர்த்தும் கட்டடம் ஒன்றைத் தன் வீடாகவும் ஒலிக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்து ஒலியைக் குடைந்து குடைந்து மாற்றும் வாழ்க்கையின் ஆரம்பகால உதாரணங்களில் அவருடையது ஒன்று. 1966-இல் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தன் வீட்டில் பிரென்னல் நாடாக் கருவிகளில் பழையதை அழிக்கும் முனையை முடக்கிவிட்டு, ஒரே வளையத்தின் மேல் ஒலி மேல் ஒலியாகப் பதிந்து, அந்த வளையங்களைப் பையில் போட்டு ஒலிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டில் கடற்பறவைகள் கத்துவதுபோல் கேட்பது அப்படி வந்ததுதான்.

ஆனால் வெட்டையே சுவையாக்கி ஊரையே ஆட வைத்தவர் ஜமைக்காவில் இருந்தார்.

கிங் டப்பி என்று அறியப்பட்ட ஆஸ்பர்ன் ரடக் அடிப்படையில் ஒரு மின்கருவி மெக்கானிக். கிங்ஸ்டன் நகரின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், டிரோமில்லி அவென்யூவில் இருந்த வீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவார். ரேடியோ பழுது பார்ப்பார். தெருவிழாக்களுக்கான ஒலிபெருக்கி அமைப்பும் சொந்தமாக நடத்தினார். 1970-களின் தொடக்கத்தில், டைனமிக் சவுண்ட்ஸ் நிறுவனம் கழித்துவிட்ட 4 தட மிக்சர் ஒன்று அவர் கைக்கு வந்தது. குளியலறை பாடகர்கள் நிற்கும் இடமாயிற்று. குழுவாக உட்கார்ந்து வாசிக்க அங்கே இடமில்லை. வேறெங்கோ பதிந்த நாடாக்களைக் கலக்கித் தருவதே அந்த வீட்டில் நடந்த தொழில்.

அந்த இடநெருக்கடியில் டப் என்ற இசைவகை செழித்தது. ஓடும் நாடாவில் பாடகரின் தடத்தைச் சட்டென்று இழுத்து மூடுவார். முக்கால் வார்த்தை காணாமற்போகும். மூடிய கணத்தில் தப்பி வந்த கால் வார்த்தையை எதிரொலிக் கருவிக்குள் தள்ளுவார். அது திரும்பத் திரும்ப மோதித் தேயும். டிரம்ஸும் பேஸும் மட்டும் நிற்கும். திடீரென்று கிட்டாரின் ஒரே ஒரு வெட்டு வந்து போகும். பிளேடு இல்லை, ஒட்டும் பசை இல்லை, விரலே பிளேடு. ஒவ்வொரு கலவையும் அந்த நேரத்துக் கைவாக்கில் பிறந்ததால், அதே பாட்டின் இரண்டு வடிவங்கள் ஒன்றுபோல் இருக்காது. எந்த இடத்தில் வெட்டினார் என்பதைக் கேட்கவே ஆட்கள் கூடினார்கள். வானொலிக்காரர்கள் 20 ஆண்டுகளாக மறைத்துவந்ததை, 4 தடங்களும் ஒரு குளியலறையும் வைத்திருந்தவர் மேடையேற்றிவிட்டார். 1989-இல் தன் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த முறை உலகின் நடனக் கூடங்களுக்கெல்லாம் பரவியிருந்தது.

ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த டி.ஜே. கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில் தன் தங்கை நடத்திய விருந்துக்குப் பாட்டுப் போட்டார். பாட்டு நின்று டிரம்ஸ் தனியே ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் ஆவேசமாக ஆடுகிறது என்பதைக் கவனித்த அவர், அந்தச் சில விநாடிகளையே நீட்டும் வழியைத் தேடினார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகள்; ஒன்று முடியும்போது மற்றொன்று. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தட்டில் கிரேயானால் குறி போட்டு அதை நுட்பமான கணக்காக மாற்றினார். கிராண்ட் விஸர்ட் தியோடர் தட்டை முன்னும் பின்னும் தேய்த்து, ஊசியின் உரசலையே வாத்தியமாக்கினார்.

டர்ன்டேபிள் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு வீட்டில் கேசட் கருவி இருந்தது. டிரம்ஸ் வரும் 4 விநாடியைப் பதிவார்கள். நிறுத்தப் பொத்தானை அமுக்குவார்கள். மூலக் கேசட்டைப் பின்னால் சுற்றி, அதே 4 விநாடியை மறுபடி பதிவார்கள். ஓர் இரவு முழுக்க இப்படிச் செய்தால் 5 நிமிடத் தாளம் தேறும். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு சிறு ‘டக்’ விழும். பொத்தானைச் சரியான மாத்திரையில் அமுக்கினால் அந்த ‘டக்’ தாளத்தோடு சேர்ந்துவிடும். பிசகினால் மொத்தமும் நொண்டும். பின்னாளில் பெயர் பெற்ற பல ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களுக்கு இதுவே முதல் பள்ளிக்கூடம்.

அடுத்து வந்தது எண்முறை. சிட்னியில் உருவான ஃபேர்லைட் கருவி 1979-இல் ஒலியை நினைவகத்தில் ஏற்றி விசைப்பலகையில் வாசிக்க வழி செய்தது. சாதாரண இசைக் கலைஞருக்கு அது எட்டாக்கனி. 1981-இல் வந்த ஈ-மியூ எமுலேட்டர் விலையில் இறங்கியது. ஆனால் அதன் நினைவகத்தில் கொள்ளும் ஒலி சுமார் 2 விநாடிதான். 1985-இல் இசைக் கலைஞர் பால் ஹார்ட்காசில், வியட்நாம் போர் பற்றிய ஆவணப்படம் ஒன்றின் வர்ணனையை அதில் ஏற்றினார். போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களின் சராசரி வயதாக அதில் சொல்லப்பட்ட ‘நைன்டீன்’ என்ற சொல்லின் முதல் அசையை விசையில் திரும்பத் திரும்பத் தட்டினார். ‘நை-நை-நை-நைன்டீன்’ என்று திக்கிய குரல் பல நாடுகளின் வானொலிகளை நிறைத்தது; பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கருவி அனுமதித்த 2 விநாடிக்குள் என்ன செய்யலாம் என்ற நெருக்கடிதான் அந்தப் பல்லவிக்கு உருக் கொடுத்தது.

1987-இல் வந்த எஸ்.பி.-1200 கருவிக்கும் இதே வறுமைதான். மொத்த நினைவகம் சுமார் 10 விநாடி. ஒரு துண்டுக்கு அதிகபட்சம் இரண்டரை விநாடி. தரம் 12 பிட். நியூயார்க் தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்தால் குறைந்த நேரத்தில் அதிக இசை உள்ளே போகும். கருவிக்குள் சுருதியை இறக்கினால் வேகம் பழைய நிலைக்கு வரும். வரும்போது மணல் தேய்த்ததுபோன்ற கரகரப்பும் கூடவே வரும். அந்தக் கரகரப்பையே ரசிகர்கள் விரும்பினார்கள். 1988-இல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்.பி.சி.60 வந்தது. 16 ரப்பர் பொத்தான்கள்; ஒரு பாட்டின் வரியை 16 துண்டாக்கி ஒவ்வொரு பொத்தானிலும் ஒன்றை வைத்து, விரலால் வேறு வரிசையில் தட்டலாம்.

வெட்டு இன்னும் பொடியானதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1991-இல் நியூயார்க் நீதிமன்றம், பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் அனுமதியின்றிப் பழைய பாட்டு ஒன்றின் பகுதியைப் பயன்படுத்தியது தவறு என்று தீர்ப்பளித்தது. அதன்பின் நீளமான துண்டை வெளிப்படையாகச் சுழலவிடுவது செலவும் ஆபத்துமான வேலையாயிற்று. அடையாளம் தெரியாத அளவுக்கு நறுக்குவது கலையாகவும் கவசமாகவும் வளர்ந்தது. டி.ஜே. பிரீமியர் போன்ற தயாரிப்பாளர்களின் கைவண்ணத்தில் பியானோவின் ஒரு தட்டு, ஊதுகுழலின் அரை மூச்சு இவையே முழு மெட்டுக்குக் கச்சாப் பொருளாயின.

அட்லாண்டிக்கின் மறுகரையில் லண்டன் இளைஞர்களுக்கு எம்.பி.சி. விலை கட்டுப்படியாகவில்லை. அவர்களுடைய படுக்கையறைகளில் விளையாட்டுக்காக வாங்கிய அமிகா கணினி இருந்தது. 1987-இல் ஜெர்மன் நிரலாளர் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அதற்காக ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்ற மென்பொருளை எழுதினார். 4 தடங்கள், 8 பிட் தரம், ஒரு பக்கத்துக்கு 64 வரிகள். மேலிருந்து கீழே ஓடும் எண்கள். இசைக்குறிப்பு எழுதத் தெரிய வேண்டியதில்லை. கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்தால் போதும். அதன் வழியில் வந்த புரோடிராக்கரில் இரண்டு கட்டளைகள் முக்கியமானவை. ஒன்று, துண்டை முதலிலிருந்து வாசிக்காமல் நடுவிலிருந்து தொடங்கச் சொல்வது. மற்றொன்று, ஒரே வரிக்குள் அதைப் பலமுறை மீண்டும் தட்டச் சொல்வது. இந்த இரண்டும் இருந்தால் டிரம்ஸ் பதிவை வெட்டவே வேண்டாம். எந்த அடியிலும் தாவலாம், எந்த அடியையும் திக்க வைக்கலாம்.

அவர்கள் அதிகம் தாவிய பதிவு ஒன்றுதான். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற வாத்திய இசை இருந்தது. நடுவே மற்றவர்கள் நிறுத்த, கிரெகரி கோல்மன் தனியே டிரம்ஸ் வாசிக்கிறார். 4 ஆவர்த்தனம்; ஏறத்தாழ 7 விநாடி. முதல் இரண்டு ஆவர்த்தனம் நேர்நடை. மூன்றாவதில் ஓர் அடி தள்ளி விழுகிறது. நான்காவதில் தாளம் ஒரு கணம் மூச்சுவிட்டுச் சிம்பலில் முடிகிறது. இந்த 7 விநாடியை நறுக்கி, நிமிடத்துக்கு 160 தட்டுக்கு மேல் விரட்டி, வரிசையைக் கலைத்து அடுக்கியதில்தான் 1990-களின் தொடக்கத்தில் ஜங்கிள் என்ற இசைவகை எழுந்தது. அமிகாவில் உருவான அர்பன் ஷேக்டவுன் குழுவின் ‘சம் ஜஸ்டிஸ்’ 1992-இல் பிரிட்டிஷ் விற்பனை வரிசைக்குள் நுழைந்தது.

ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்க உதவும் அந்தக் காலத்து அகாய் சாம்ப்ளர்களில் சுருதி மாறாமல் ஒலியை நீட்டும் வசதி வந்தது. ஒலியைப் பொடித்துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் சில தடவை திரும்ப ஒலிக்கவிடுவதே அந்த நுட்பம். அளவோடு செய்தால் வித்தியாசம் தெரியாது. பலமடங்கு நீட்டினால் குரல் உலோகத் தகடுபோல் அதிரும். நீட்டிய தழும்பு தெரியாமலிருக்கப் பொறியாளர்கள் உழைத்தார்கள். ஜங்கிள் இசைக்காரர்கள் அந்தத் தழும்பைக் கேட்பதற்காகவே நீட்டினார்கள்.

திக்கலுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடி. அதை நாலாகப் பிரித்தால் 125. எட்டாகப் பிரித்தால் 62.5. இதுவரை காது தனித்தனி அடிகளாகக் கேட்கிறது. பதினாறாகப் பிரித்தால் விநாடிக்கு 32 முறை. அந்த வேகத்தில் அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு தாழ்ந்த ரீங்காரமாகின்றன. இன்னும் இரட்டிப்பாக்கினால் ரீங்காரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். தாளம் போட்டுக்கொண்டிருந்த டிரம்ஸ், ஒரே நொடியில் சுருதியாக மாறிப் பாடிவிட்டு மறுபடி தாளத்துக்குத் திரும்பும். வீட்டில் இதைச் செய்து பார்க்கும் ஒவ்வொருவரையும் முதல் தடவை பிடித்து நிறுத்துவது இந்தக் கணம்தான்.

இதற்கிடையே 1982-இல் வந்த குறுந்தகடு, கீறல் இரைச்சல் இல்லாத உலகத்தை வாக்களித்தது. விநாடிக்கு 44,100 முறை அளந்த எண்கள். கீறலால் சில எண்கள் படிக்க முடியாமற்போனாலும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் பிழைதிருத்தம். டோக்கியோவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த யாசுனாவோ டோனே, 1980-களின் நடுவில் ஊசித்துளையிட்ட ஒட்டுத் தாளைக் குறுந்தகட்டின் மேல் ஒட்டி அந்தப் பிழைதிருத்தத்தைத் திணறடித்தார். கருவி தாவியது, விக்கியது, தானே தாளம் போட்டது. ஜெர்மனியின் ஓவல் குழு குறுந்தகட்டின் மேல் பேனாவால் கிறுக்கி, கிடைத்த விக்கல்களைப் பொறுக்கி அடுக்கியது. 1995-இல் வந்த அவர்களுடைய ‘94 டிஸ்கோன்ட்’ ஆல்பத்தில் அந்த விக்கல்கள் மென்மையான தாலாட்டாகக் கேட்கின்றன.

எண்முறைப் பதிவில் அலையை நடுவில் வெட்டினால், அடுத்த துண்டு வேறு உயரத்தில் தொடங்கும், ஒலிபெருக்கியின் கூம்பு ஒரே தாவலாகக் குதிக்கும், ‘க்ளிக்’ கேட்கும். அலை சுழியத்தைக் கடக்கும் புள்ளியில் வெட்டினாலோ, ஓரத்தைச் சில மில்லி விநாடிக்கு மங்க வைத்தாலோ அது போய்விடும். 45 பாகைச் சாய்வு செய்த அதே வேலைதான். ஆனால் 1990-களின் இறுதியில் ஒரு தலைமுறை அந்த ‘க்ளிக்’கைப் போக்க மறுத்தது. ஃபிராங்க்ஃபர்ட்டின் மில் பிளாட்டோ நிறுவனம் 2000-இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே ‘க்ளிக்ஸ் அண்ட் கட்ஸ்’. அதே ஆண்டு இசையமைப்பாளர் கிம் காஸ்கோன் ‘கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னல்’ இதழில், கருவியின் தோல்வியே இந்த இசையின் மூலப்பொருள் என்று விளக்கிக் கட்டுரை எழுதினார். ஜோயல் டாலின் கட்டை அடக்கிவைத்த ஓசை டிரம்ஸின் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இந்த ஆண்டுகளில் வெட்டும் மென்பொருளும் வேகமாகப் பரவியது. 1994-இல் ஸ்வீடனின் புரொப்பெல்லர்ஹெட் உருவாக்கிய ‘ரீசைக்கிள்’ டிரம்ஸ் பதிவின் ஒவ்வொரு அடியையும் தானே கண்டுபிடித்து வெட்டித் தந்தது. கையாலேயே வெட்டியவர்களும் இருந்தார்கள். பி.டி. என்று அறியப்படும் பிரையன் டிரான்சோவின் ‘சோம்நாம்புலிஸ்ட்’ பாட்டில் குரலில் மட்டும் 6,178 வெட்டுகள். கின்னஸ் புத்தகம் அதைச் சாதனையாகப் பதிந்தது. அந்த உழைப்பைச் சுருக்கி 2011-இல் ஐசோடோப் நிறுவனத்தோடு சேர்ந்து ‘ஸ்டட்டர் எடிட்’ என்ற ப்ளக்-இன்னை, அதாவது இசை மென்பொருளுக்குள் இணைக்கும் துணை நிரலை, வெளியிட்டார் பி.டி. அதற்கு முன்பே ‘டி-ப்ளூ க்ளிட்ச்’ போன்ற இலவச ப்ளக்-இன்கள் உலகெங்கும் வீட்டுக் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஓடும் ஒலியின் கடைசிச் சில தட்டுகளை நினைவில் பிடித்துவைத்து, அதிலிருந்து ஒரு துண்டைத் திக்க வைப்பது, திருப்பிப் போடுவது, தரத்தைக் குறைப்பது, இத்தனை சதவீதம் தற்செயலாக நடக்கட்டும் என்று விடுவது இவைதான் அவற்றின் வேலை.

அந்த ப்ளக்-இன் திரையில் வரிசையாக நிற்கும் பொத்தான்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. ஒலியைச் சட்டென்று மூடித் திறக்கும் ‘கேட்’ வாட்டர்ஹவுஸ் வீட்டில் டப்பியின் விரல் செய்தது. ‘ரீட்ரிக்கர்’ அமிகாவின் கட்டளை. ‘பிட் கிரஷ்’ 10 விநாடிக் கருவியின் கரகரப்பு. ஒலி கனத்து இழுபட்டு நிற்கும் ‘டேப் ஸ்டாப்’, மின்சாரம் போனால் ரீல் மெல்ல நிற்கும் விதம். ‘ஸ்கிராட்ச்’ பிராங்க்ஸின் கைகள். நாடாவே தொட்டிராத 18 வயதுக்காரர் ஒருவர் இன்று அந்தப் பொத்தானை அமுக்கும்போது, காலஞ்சென்ற கருவிகளின் நோய்களைத்தான் வரிசையாக வரவழைக்கிறார்.

இந்தப் பாதையில் தமிழ் ஒலிகளும் நறுக்கப்பட்டுச் சேர்ந்தன. லண்டனில் வளர்ந்த ஈழத்தமிழரான எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம், கடன் வாங்கிய ரோலண்ட் எம்.சி.-505 கருவியில் தன் முதல் பாட்டுகளை வீட்டில் தட்டி உருவாக்கினார். 2007-இல் வெளியான ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டின் முதுகெலும்பு அந்த உறுமிதான். அதே ஆல்பத்தின் முதல் பாட்டில் இளையராஜாவின் ‘தளபதி’ படத்துக் ‘காட்டுக்குயிலு’ துண்டுகளாக வந்து போகிறது.

வெட்டிய இடங்கள் இப்படி ஊரறிய ஒலித்தபோதும், வெட்டப்பட்டவர்களின் பெயர் பெரும்பாலும் ஒலிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் கேட்கும் அந்த 7 விநாடிக்காகக் கிரெகரி கோல்மனுக்குப் பணம் எதுவும் வரவில்லை. 2006-இல் அவர் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கும் உரிமைத்தொகை கிடைக்கவில்லை. 2015-இல் பிரிட்டனில் இசைரசிகர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தார்கள். எதிர்த்திசையில், வசதி படைத்த உரிமையாளர்கள் இம்மி அளவுத் துண்டுக்கும் வழக்காடினார்கள். 2005-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, 2 விநாடிக் கிட்டார் துண்டானாலும் அனுமதி வாங்க வேண்டும் என்றது. கிராஃப்ட்வெர்க் இசைக்குழுவின் 2 விநாடித் தாளத்துக்கான வழக்கு ஜெர்மனியில் ஆண்டுக்கணக்கில் நீண்டு, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய், 2019-இல் அங்கே தீர்ப்பு வந்தது.

இதனால் வீட்டில் பதிவு செய்கிறவர்கள் பலர் தங்கள் குரலையும் தங்கள் கிட்டாரையும் தெருவோசையையுமே நறுக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறர் ஒலி வேண்டுமென்றால் ஃபிரீசவுண்ட் இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கிய அந்தப் பொதுக் களஞ்சியத்தில், மழை, கதவு, பறை, பேருந்து என்று உலகெங்கும் உள்ளவர்கள் பதிந்த ஒலிகளைப் பகிர்கிறார்கள். அங்குள்ள ஒலிகள் பலவற்றுக்கு நிபந்தனை ஒன்று உண்டு: எவ்வளவு பொடியாக நறுக்கினாலும், எடுத்தவர் பதிந்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். கோல்மனின் டிரம்ஸை நறுக்கிய ஆயிரக்கணக்கான தட்டுகளில் பெரும்பாலானவற்றின் உறையில் அந்தப் பெயர் இல்லை.